பாலத்தை மராமத்து பார்க்கிறவன்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா போன் பண்ணப்போ ரெண்டே ரெண்டு கேள்விதான் கேட்டார். ஒண்ணு, "அங்கேயே இருந்துடப் போறியாடா?" ரெண்டு, "நம்ம ஆறு மா நிலத்தைக் கொடுத்துடலாமா? ஒரு பார்ட்டி வந்து நிக்கிறான். நல்ல விலை சொல்றான்."

முதல் கேள்விக்கு "அது என் கையில இல்லப்பா"ன்னேன். ரெண்டாவதுக்கு "யோசிச்சு சொல்றேன்"னேன். ரெண்டுமே பொய் இல்லை. ஆனா ரெண்டுமே பதிலும் இல்லை.

முதல் கேள்வியோட கதை நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும், அதனால சுருக்கமா. அமெரிக்காவுக்கு வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. ஹெச்-1பி விசாவுக்கு ஆயுசு ஆறு வருஷம். அதுக்குமேல இருக்கணும்னா கம்பெனி க்ரீன் கார்டுக்கு மனு போட்டிருக்கணும். போட்டாலும் வரிசை. எந்த ஒரு நாட்டில் பிறந்தவங்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல கிடையாது. லக்சம்பர்க்ல பொறந்தவனுக்கும் உச்சவரம்பு அதே 7, இந்தியாவுல பொறந்தவனுக்கும் அதே 7. என்னே சமத்துவம் :-)

ரெண்டாவது கேள்வியோட கதை பின்னால வரும்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அலமாரியில் இருந்து லார்ட் ஆஃப் த ரிங்ஸை எடுத்தேன். காலேஜ்ல ஒரு தடவை, சென்னையில் வேலை பார்த்தப்போ ஒரு தடவை, இது மூணாவது. முதல் ரெண்டு தடவையும் சண்டைக்காகப் படிச்சேன். இந்தத் தடவை படிச்சது வேற புத்தகம் மாதிரி இருந்தது. யார் எங்கே குடியிருக்கலாம், எவன் சொன்னான், என்ன நிபந்தனை. இதைத் தவிர வேற எதுவும் கண்ணில் படலை. விசா வாங்கினவன் கண்ணு அப்படி.

படம் மட்டும் பார்த்தவங்களுக்கு ஒரு முன்னுரை. ஷையர்னு ஒரு நாடு. குள்ளமான, செருப்புப் போடாத ஹாபிட்டுகள் வாழற விவசாய நாடு. மேற்குக் குன்றுகள்லேர்ந்து பிராண்டிவைன் ஆத்துப் பாலம் வரைக்கும் 40 லீக், வடக்குத் தெற்கா 50 லீக். ஒரு லீக்குக்கு மூணு மைல்னு வெச்சா 120க்கு 150 மைல். அரசாங்கம்னு ஒண்ணு கிட்டத்தட்ட கிடையாது. பயிர் பண்றதும் அதைச் சாப்பிடறதும்தான் முழுநேர வேலை. ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை மேயரைத் தேர்ந்தெடுப்பாங்க. அவரோட முக்கியப் பொறுப்பு விருந்துக்குத் தலைமை தாங்கறது. (எங்க ஊர் தலைவருக்கும் அதேதான்னு சொன்னா அப்பா அடிக்க வருவார்.)

ஹாபிட்டுன்னா எல்லாரும் ஒண்ணுன்னு நினைச்சா அதுவும் தப்பு. மூணு கூட்டம். மாநிறமா, சின்னதா, மலைச்சரிவுல வாழ்ந்த ஹார்ஃபுட். கொஞ்சம் கனமா, ஆத்தங்கரையை விரும்பின ஸ்டூர். உயரமா, வெளுப்பா, காட்டை விரும்பின ஃபாலோஹைடு. முதல் கூட்டம் ட்வார்ஃப் என்கிற குள்ளர்களோட பழக்கம், ரெண்டாவது மனுஷங்களோட, மூணாவது எல்ஃபுகளோட. ஷையருக்கு வர்றதுக்கு முன்னாலேயே ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலக்க ஆரம்பிச்சாச்சு. அதாவது சுத்தமான ஷையர்காரன்னு ஒருத்தன் ஆரம்பத்திலேயே கிடையாது. எல்லாரும் எங்கிருந்தோ வந்தவங்கதான்.

எப்படி வந்தாங்க? இங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம்.

மூன்றாம் யுகம் 1601. மார்க்கோ, ப்ளாங்கோன்னு ரெண்டு ஃபாலோஹைடு சகோதரர்கள் ப்ரீங்கற ஊர்லேர்ந்து கிளம்பி, ஃபோர்னோஸ்ட்டில் இருந்த ராஜாகிட்ட அனுமதி வாங்கி, பெரிய கூட்டத்தோட ஆத்தைத் தாண்டறாங்க. அந்தப் பக்கம் இருந்தது ஒரு காலத்தில் ராஜாவோட வயல், திராட்சைத் தோட்டம், காடுன்னு செழிப்பா இருந்து, அப்புறம் ஆளில்லாம கிடந்த நல்ல மண்ணு. அதுக்கு ராஜா கேட்ட விலை என்ன தெரியுமா? பணம் இல்லை. ரத்த சம்பந்தம் இல்லை. பாஷைப் பரீட்சை இல்லை. பெரிய பாலத்தையும், மத்த பாலங்களையும் ரோடுகளையும் பழுதில்லாம வெச்சுக்கணும். என் தூதர்கள் போறதுக்கு உதவணும். என்னை ராஜான்னு ஒத்துக்கணும். அவ்வளவுதான்!

நான் புத்தகத்தை மூடி வெச்சிட்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன்னா இதுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை ஏற்கெனவே இருக்கு. குடிமராமத்து. ஏரி, வாய்க்கால், மதகு எல்லாத்தையும் அதை நம்பி இருக்கிற குடிகளே சேர்ந்து பழுது பார்க்கிற பழைய வழக்கம். 2017-ல தமிழ்நாடு அரசு அதே பேர்ல ஒரு திட்டம் கொண்டுவந்தப்போதான் என் வயசுக்காரங்க பலபேர் அந்த வார்த்தையையே கேள்விப்பட்டோம். சின்ன வயசுல நான் நினைச்சுக்கிட்டது, குடியா இருக்கிறதால மராமத்து பண்றாங்கன்னு. ஷையர் ராஜா அதைத் திருப்பிப் போடறார். மராமத்து பண்றதாலதான் நீ குடி.

அப்புறம் என்ன ஆச்சு? ராஜா போயிட்டார். 1970கள்ல வடக்கு ராஜ்யம் அழிஞ்சது. ஹாபிட்டுகள் தங்களுக்குள்ள ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, "ராஜா வர்ற வரைக்கும் இவர் பார்த்துப்பார்"னு வெச்சுக்கிட்டாங்க. ஆயிரம் வருஷம் ராஜா வரலை. ஆனாலும் சட்டத்தை யாரும் மீறலை. விதின்னா விதி, பழசு, நியாயமானதுன்னு அவங்களாவே கடைப்பிடிச்சாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆயிரம் வருஷத்தில் அவங்க ஒண்ணை மறந்துட்டாங்க. இந்த நிலம் நமக்குக் கொடுக்கப்பட்டது, நாம வந்து குடியேறினவங்கங்கறதை.

மறந்ததுக்கு அடையாளம் அவங்க பேச்சுலேயே இருக்கு. ஷையருக்கு வெளியே இருக்கிற எல்லாரும் 'வெளியாள்'. யார் அந்த வெளியாள்? ப்ரீ ஊர் ஹாபிட்டும் வெளியாள். உலகத்திலேயே பழைய ஹாபிட் குடியிருப்பு நாங்கதான்னு ப்ரீக்காரங்க சொல்லிக்கிறாங்க. ஷையருக்கு முதல் ஆளுங்களே ப்ரீயில இருந்துதான் கிளம்பினாங்க. அதாவது தாத்தா வீட்டைப் பார்த்து வெளியாள்னு சொல்றான் பேரன்.

அது கூடப் பரவாயில்லை. ஆத்துக்கு அந்தப் பக்கம் பக்லேண்ட்னு ஒரு பகுதி. ஷையர்லேர்ந்து ஒரு குடும்பம் ஷையர் கணக்குப்படி 740-ல ஆத்தைத் தாண்டிப் போய்க் குடியேறினது. கதை நடக்கிறப்போ 1400 தாண்டியாச்சு. ஆறு நூத்தாண்டுக்கு மேல ஆகியும் டீக்கடைப் பேச்சுல (சரி, சாராயக்கடைப் பேச்சுல) பக்லேண்ட்காரன்னா ஒரு மாதிரியான ஆளுங்க. காரணம்? படகு ஓட்டறாங்களாம். ராத்திரி கதவைப் பூட்டறாங்களாம். பூட்டாம என்ன பண்றது? பக்கத்திலேயே பயங்கரமான காடு. எல்லையில் நிக்கிறவன் கதவைப் பூட்டினாத்தான் நடுவில் இருக்கிறவன் திறந்து போட்டுட்டுத் தூங்க முடியும். இது நடுவில் இருக்கிறவனுக்கு என்னிக்குமே புரியாது.

இன்னொரு கொடுமை. இந்த நாட்டுக்கு வெளியே ரேஞ்சர்கள்னு ஒரு கூட்டம் ராத்திரி பகலா காவல் நிக்குது. பிற்பாடு ராஜாவாகப் போற ஆரகார்ன் அதில் ஒருத்தன். ப்ரீ மக்கள் அவனை ஊர் சுத்தின்னு சந்தேகமாப் பார்ப்பாங்க. ஷையர் மக்களுக்கு அப்படி ஒரு காவல் இருக்கிறதே தெரியாது. அபார்ட்மெண்ட் வாசல்ல நிக்கிற செக்யூரிட்டியோட பேர் நமக்குத் தெரியுமா என்ன?

சீரியஸாப் போகுது, ஒரு சின்ன காமெடி. ஹாபிட் கதையில் பில்போ ஊரைவிட்டுப் போய் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல கழிச்சுத் திரும்பி வர்றான். வாசல்ல கூட்டம். என்னன்னு பார்த்தா அவன் செத்துட்டதா முடிவு பண்ணி அவன் வீட்டுச் சாமானை ஏலம் விட்டுக்கிட்டிருக்காங்க. உயிரோட வந்து நிக்கிறான், ஆனா உயிரோட இருக்கான்னு ஊர் ஒத்துக்க வருஷக்கணக்காச்சு. வேலை சீக்கிரம் முடியணும்னு தன்னோட நாற்காலி மேஜையைத் தானே காசு கொடுத்துத் திரும்ப வாங்கினான். க்ரீன் கார்டு வெச்சிருக்கிற என் ஃப்ரெண்டுகிட்ட இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல வெளியில இருந்தா ரீ-என்ட்ரி பர்மிட் வேணும், பில்போ வாங்காம போயிட்டான்னான். அவ்வ்வ்.

சரி, ஷையரை இவ்வளவு திட்டறியே, மாத்தா என்ன இருக்குன்னு கேப்பீங்க. அதே புத்தகத்தில் ப்ரீ இருக்கு. ப்ரீ, ஸ்டாடில், கூம்ப், ஆர்ச்செட்னு நாலு கிராமம், சுத்தி வயலும் காடும். இங்கே மனுஷங்களும் ஹாபிட்டுகளும் ஒரே ஊர்ல. ரெண்டு ஜாதிக்கும் உயரத்தில் பாதி வித்தியாசம். ஒருத்தரை ஒருத்தர் மாத்த முயற்சி பண்ணலை. அவங்கவங்க வேலையை அவங்கவங்க முறையில பார்த்துக்கிட்டு, நீயும் இல்லாம இந்த ஊர் இல்லை, நானும் இல்லாம இல்லைன்னு இருக்காங்க. உலகத்தில் வேற எங்கேயும் இந்த மாதிரி ஏற்பாடு கிடையாதுன்னு டோல்கீனே சொல்றார். சத்திரக்காரர் பட்டர்பர் மனுஷன். ஆனா அவர் சத்திரத்தில் ஹாபிட்டுகளுக்குன்னு தரையோட தரையா, வட்ட ஜன்னல் வெச்ச அறைகள் இருக்கு. சமத்துவம்னு போர்டு மாட்டலை. ஜன்னலைத் தாழ்த்தி வெச்சாங்க. அவ்வளவுதான் விஷயம்.

அதைவிட எனக்குப் பிடிச்ச காட்சி. ஃப்ரோடோ தலைமறைவா வர்றான், பேரை அண்டர்ஹில்னு மாத்திச் சொல்றான். பார்த்தா அந்த ஊர்லேயே அண்டர்ஹில் குடும்பம் இருக்கு! மாட்டினான்னு நினைச்சா, "நம்ம பேரே இருக்குன்னா நம்ம சொந்தமாத்தான் இருக்கணும்"னு காணாமப் போன அண்ணன் தம்பி மாதிரி கட்டிப் பிடிச்சுக்கிறாங்க. என் பாஸ்போர்ட்ல அப்பா பேர் ஒரு எழுத்து மாறினதுக்கு நான் எத்தனை அஃபிடவிட் கொடுத்தேன் தெரியுமா?

பிற்பாடு கலவரம் வந்து ஊர்க்காரங்க அஞ்சு பேர் செத்துப் போறாங்க. பட்டர்பர் கணக்குச் சொல்றப்போ மூணும் ரெண்டும்னு சொல்றார். பெரியவங்க மூணு, சின்னவங்க ரெண்டு. செத்ததில் ஒருத்தன் அந்த அண்டர்ஹில் குடும்பத்தவன். அந்த "மூணும் ரெண்டும்" என்னை என்னமோ பண்ணிச்சு. தனித்தனியா எண்ணறாங்க, ஆனா ஒரே வாக்கியத்தில் எண்ணறாங்க. கலந்து வாழறதுன்னா அதுதான்னு தோணுது.

ஆனா ப்ரீ சொர்க்கம்னும் சொல்ல முடியாது. தெற்கேயிருந்து கஷ்டப்பட்டு ஜனங்க வர்றப்போ ப்ரீக்காரங்க ஐயோ பாவம்னு பரிதாபப்படறாங்க, ஆனா கூட்டமா வந்தா இடம் கொடுக்கத் தயாரா இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒருத்தன், இன்னும் நிறைய பேர் வருவாங்க, இடம் கொடுக்கலைன்னா அவங்களே எடுத்துப்பாங்கன்னு சத்திரத்தில் உட்கார்ந்து சொல்றான். புத்தகத்தில் அவன் கெட்டவன். முதல் ரெண்டு தடவை படிச்சப்போ எனக்கும் அவன் கெட்டவன்தான். இந்தத் தடவை, அவன் பின்னால வந்த மத்தவங்க எல்லாம் யாரு, எந்த ஊர்ல வயலை விட்டுட்டு வந்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும்போல இருந்தது. டோல்கீன் சொல்லலை.

இப்போ கடைசிப் பகுதிக்கு வர்றேன். 2001-லேர்ந்து 2003 வரைக்கும் வந்த படங்கள்ல இது கிடையாது. அதனால படம் மட்டும் பார்த்தவங்க கொஞ்சம் உன்னிப்பா.

மோதிரத்தை அழிச்சிட்டு நாலு ஹாபிட்டுகளும் ஊருக்குத் திரும்பி வர்றாங்க. பிராண்டிவைன் பாலத்தில் முள் வெச்ச பெரிய கேட். பொழுது சாஞ்சா உள்ளே விடமாட்டாங்க. சொந்த ஊருக்குப் போக பர்மிட் வேணும்! உள்ளே போனா சுவத்தில் பட்டியல் பட்டியலா விதிகள். பன்னெண்டு பேர் இருந்த போலீஸ் இப்போ நூத்துக்கணக்கில். விளைஞ்சதை எல்லாம் 'எல்லாருக்கும் பங்கு போட'ன்னு சொல்லி எடுத்துட்டுப் போறாங்க, திரும்பி வர்றதில்லை. தானியக் கிடங்கு சுரங்கம் ஜெயிலாயிடுச்சு, மேயரே உள்ள இருக்கார்.

பண்ணினது யாரு? சாரூமான்னு சொல்வீங்க. அவன் கடைசியில வந்தவன். ஆரம்பிச்சது லோத்தோ. அசல் ஷையர்காரன். பரம்பரைக் குடும்பம். எல்லைக் காவலர்கள் யாரைத் தடுக்கணும்னு வேலி ஓரமா நின்னுக்கிட்டிருந்தாங்களோ அந்த ஆள் வேலிக்கு உள்ளேயே இருந்தான். புகையிலையை வெளியூருக்கு வித்துப் பணம் பண்ணி, அந்தப் பணத்தில் பண்ணை, மில்லு, சத்திரம்னு ஒண்ணொண்ணா வாங்கிப் போட்டான். எல்லாமே சட்டப்படி. பத்திரம் சரியா இருந்திருக்கும்.

அவன் வாங்கினதிலேயே முக்கியமானது ஃப்ரோடோவோட வீடு. பேக் எண்ட். பயணம் கிளம்பறதுக்கு முன்னால லோத்தோவோட குடும்பத்துக்கு ஃப்ரோடோவே வித்துட்டுப் போனது அது.

எப்படி முதல் ரெண்டு தடவை இதைக் கவனிக்காம விட்டேன்னே தெரியலை. ஃப்ரோடோ உலகத்தைக் காப்பாத்திட்டுத் திரும்பி வர்றான். சாமோட அப்பா, அந்த வீட்டுத் தோட்டத்தில் காலம் பூரா வேலை பார்த்த கிழவர், அவனைப் பார்த்து நன்றி சொல்லலை. நீங்க அந்த வீட்டை வித்திருக்கவே கூடாது, அங்கேதான் எல்லா வினையும் ஆரம்பிச்சதுன்னு சொல்றார். நீங்க வெளிதேசத்தில் சுத்திக்கிட்டிருந்தப்போ இங்கே எங்க தெருவையே தோண்டிட்டாங்க, என் உருளைக்கிழங்கு பாழாப் போச்சுன்னு. ராட்சசன், மோதிரம், உலகம் எல்லாம் அவருக்கு ரெண்டாம் பட்சம். உருளைக்கிழங்கு முதல். முன்னே படிச்சப்போ சிரிச்ச இடம் இது. இந்தத் தடவை சிரிப்பு வரலை.

இப்போ என் ரெண்டாவது கேள்வி.

எங்க ஆறு மா நிலம் கும்பகோணம் பக்கம். ரெண்டு ஏக்கர் சொச்சம். பட்டா அப்பா பேர்ல. அப்பா ஊர் ஊரா மாத்தலாகி வேலை பார்த்தவர், நிலத்தில் இறங்கினதில்லை. நான் சுத்தம், நாத்துக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது. இருபத்திரண்டு வருஷமா அதை சாகுபடி பண்றது ஒரு அண்ணன். எழுத்துல எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுக் குத்தகை. குத்தகை உரிமையைப் பதிவு பண்ண 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாச்சு. நாங்க பதிவு பண்ணலை. அவர் கேட்கலை, அப்பா சொல்லலை. அது அவருக்கு எவ்வளவு நஷ்டம்னு நான் யோசிச்சதே இல்லை. மேட்டூர் எப்போ திறக்கும்னு ஜூன் 12-ஐ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது அவர். மழையில் வரப்பு உடைஞ்சா ராத்திரி மம்பட்டியோட ஓடறது அவர். வாய்க்காலைத் தூர் வார ஆள் சேர்க்கிறது அவர். நான் லீவுக்குப் போனா வரப்பு மேல நின்னு போட்டோ எடுத்துக்குவேன், 'எங்க வயல்'னு.

யோசிச்சுப் பார்த்தா வேடிக்கையா இருக்கு. இங்கே அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன், வரி கட்டறேன், வாசல்ல பனி அள்ளறேன், ஆனா நான் இந்த ஊரான்னு கேட்டா பேப்பர் இல்லை. அங்கே இருபத்திரண்டு வருஷமா ஒருத்தர் உழறார், அந்த மண்ணு அவரோடதான்னு கேட்டா பேப்பர் இல்லை. அந்தப் பேப்பர் இருக்கிறது எங்ககிட்ட. இங்கே எனக்கு நடக்கிறது அநியாயம்னு ராத்திரி பூரா புலம்பற நான், அங்கே அதையே பண்ற கட்சியில இருக்கேன்.

டோல்கீன் இதுக்குப் பெரிசா தீர்வு எதுவும் வெச்சிருக்காரான்னு தேடினேன். ராஜாவான அப்புறம் ஆரகார்ன் பண்ற ஒரு காரியம் ஒரே ஒரு வரியில வந்து போகுது. மோர்டோர் நாட்டோட படைக்குச் சோறு போட்டது தெற்கே நூர்னென் ஏரிக்கரை வயல்கள். அங்கே உழுததெல்லாம் அடிமைகள். ராஜா அவங்களை விடுதலை பண்ணி, ஏரியைச் சுத்தி இருக்கிற நிலம் பூராவையும் அவங்களுக்கே சொந்தமாக் கொடுத்துடறார். எந்த இனம், எங்கே பொறந்தான்னு கேட்கலை. உழுதவனுக்கு நிலம்.

அதே ராஜா ஷையர் கணக்கு 1427-ல இன்னொரு உத்தரவும் போடறார். மனுஷங்க யாரும் ஷையருக்குள்ள நுழையக் கூடாது. படிச்சதும் எனக்குக் கோபம்தான் வந்தது, நுழையக் கூடாதுன்னு எவன் சொன்னாலும் விசாக்காரனுக்குக் கோபம் வரும். ஆனா பின்னிணைப்பில் ஒரு குறிப்பு இருக்கு. வடக்கே வர்றப்போ ராஜாவும் உள்ளே போறதில்லை. தான் போட்ட சட்டத்துக்குத் தானும் கட்டுப்பட்டு, பாலம் வரைக்கும் குதிரையில வந்து, அங்கேயே நின்னு நண்பர்களைப் பார்த்துட்டுத் திரும்பிடறார். ஆத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிற ராஜா! வேலி போடறவன் தானும் வெளியே நிக்கத் தயாரா இருந்தா அந்த வேலியோட அர்த்தமே வேற.

கடைசியா ஃப்ரோடோ. பேக் எண்ட் அவன் கைக்குத் திரும்பி வந்துடுது. ஆனா அவனால அங்கே இருக்க முடியலை. எல்லா உரிமையும் உள்ள குடிமகன், ஆனா ஊர் ஒட்டலை. ரெண்டு வருஷம் கழிச்சுக் கடல் தாண்டிப் போயிடறான். போறதுக்கு முன்னால அந்த வீட்டை இந்தத் தடவை விக்கலை. தோட்டக்காரன் சாமுக்குக் கொடுத்துட்டுப் போறான். அழிஞ்ச மரங்களையெல்லாம் நாடு பூரா நடந்து திரும்ப நட்டவன் சாம். அப்புறம் ஏழு தடவை மேயரா இருந்தான். ஒரே வீடு, ரெண்டு கைமாத்தம். பணம் உள்ளவனுக்குப் போனப்போ தெருவே குழியாச்சு. பார்த்துக்கிட்டவனுக்குப் போனப்போ ஊர் பிழைச்சது.

நான் ஃப்ரோடோ இல்லைங்க. அப்பாவுக்கு ஆஸ்பத்திரி செலவு இருக்கு, தங்கச்சி கல்யாணக் கடன் பாக்கி இருக்கு. தூக்கிக் கொடுத்துட்டேன்னு எழுதினா அது பச்சைப் பொய். அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட சொன்னது இவ்வளவுதான்: "பார்ட்டிகிட்ட பேசறதுக்கு முன்னால அண்ணன்கிட்ட கேட்டியாப்பா?"

"அவன்கிட்ட என்னடா கேட்கிறது? அந்த விலைக்கு அவன் எங்கே போவான்?"

"விலைக்கு இல்லப்பா. இருபத்திரண்டு வருஷம் இருந்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்ல."

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நீ அங்கே உட்கார்ந்துக்கிட்டு ஈஸியா சொல்லுவே"ன்னார். நியாயமான பேச்சுதான். சாமோட அப்பா சொன்னதுல பாதி அது.

ரெண்டு வாரம் இழுத்து, நாலு போன் ஆகி, ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். போர் பக்கம் இருக்கிற ரெண்டு மா அண்ணனுக்கு, மூணு வருஷத்தில் தவணையா, அவர் கட்டுப்படியாகும்னு சொன்ன விலைக்கு. மீதி நாலு மா இப்போதைக்கு விக்கிறதில்லை. குத்தகையை எழுத்துல போட்டுப் பதிவு பண்றது. பார்ட்டி கோவிச்சுக்கிட்டான். அப்பாவும் முழுசா சமாதானமாகலை. தவணை ஒழுங்கா வரலைன்னா நானே ஒரு நாள் இந்த முடிவை நினைச்சு நொந்துக்கலாம். தெரியாது.

நேத்து அண்ணனே போன் பண்ணினார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்குப் போன் பண்ணினது இதுதான் முதல் தடவை. நன்றி கின்றின்னு ஆரம்பிச்சா என்ன சொல்றதுன்னு நான் கூச்சத்தோட தயாரா இருந்தேன். அவர் அந்தப் பேச்சே எடுக்கலை.

"தம்பி, வாய்க்கால் மேலத்தலையில மண்ணு சரிஞ்சு கிடக்கு. தண்ணி வர்றதுக்குள்ள தூர் வாரணும். எல்லாரும் மாவுக்கு இவ்வளவுன்னு போடறோம். உங்க நாலு மாவுக்கு உங்க பங்கு எப்போ அனுப்பறீங்க?"

அன்னிக்கே அனுப்பிட்டேன்.

டிஸ்கி: க்ரீன் கார்டு வரிசையில எந்த முன்னேற்றமும் இல்லை. ஆனா அப்பா அடுத்த தடவை முதல் கேள்வியைக் கேட்டா, வாய்க்கால்ல எனக்கு ஒரு பங்கு இருக்குன்னாவது சொல்லலாம் :-)